நிலவறையில் தொங்கிய விதைப்பூண்டு

1. கவர் திறந்த நாள்

பிரபஞ்சத்தின் ஒரு எண் மாறியிருக்கிறது என்று எங்கள் லேபின் விஞ்ஞானி வள்ளி மேடம் அறிவித்த அன்று மத்தியானம், எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் மேடத்தின் அப்பா பழனியிலிருந்து கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்தத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டைரக்டருக்குச் சர்க்கரை வியாதி. அவரே இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

நான் கொடைக்கானலில் ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் இருந்த சின்ன ஒளியியல் லேபில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் வீரலட்சுமி. பதவி டெக்னிக்கல் அசிஸ்டன்ட். சொந்த ஊர் மேல்மலை, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். வேலைக்குச் சேர்ந்த அன்று, "கண்ணாடி துடைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும் சார்" என்றேன். "அப்படின்னா இங்க எதையும் தொடாத" என்றார்கள். தொட வேண்டியது எது, தொடக்கூடாதது எது என்று பிடிபட நான்கு வருடம் ஆனது. அதன் பிறகு என் கையில் ஒரு கண்ணாடிகூட கீறல் பட்டதில்லை. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராப்பை நான் அலைன்மென்ட் செய்து வைத்தால் கோடு அசையாது என்று வெளியூர் லேப்காரர்களே சொல்வார்கள்.

அப்படிப்பட்ட என் ஸ்பெக்ட்ரோகிராப்பில்தான் கோடு அசைந்தது. புதிதாக லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2. என்ன எண், யார் அளந்தது

மின்சார விசைக்கு எவ்வளவு பலம் என்பதைச் சொல்லும் ஓர் எண் இருக்கிறது. ஆல்ஃபா என்பார்கள். கிட்டத்தட்ட நூற்று முப்பத்தேழில் ஒரு பங்கு. ஏன் அந்த எண், ஏன் வேறு எண் இல்லை என்று கேட்டால் படித்தவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த எண் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒன்றேதானா என்பதுதான் வள்ளி மேடத்தின் கேள்வி.

பார்க்கும் வழி இதுதான். ரொம்ப ரொம்பத் தொலைவில் இருக்கிற ஒரு பிரகாசமான பொருளிலிருந்து வெளிச்சம் புறப்படுகிறது. வழியில் ஒரு வாயு மேகத்துக்குள் புகுந்து வருகிறது. அந்த மேகத்தில் இரும்பு, மெக்னீசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், விழுங்கின இடமெல்லாம் கறுப்புக் கோடாகத் தெரியும். ஆல்ஃபா கொஞ்சம் மாறினால் மெக்னீசியக் கோடு அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம், இரும்புக் கோடு நகரும். மெக்னீசியம் முளைக்குச்சி, இரும்பு அதில் கட்டின மாடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தால் போதும். அந்த வெளிச்சம் புறப்பட்டபோது நம் பூமியே பிறந்திருக்கவில்லை என்று மேடம் சொல்வார். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பத்தாவது தடவையும் அப்படித்தான்.

அந்தத் தூரத்து வெளிச்சத்தை வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கி பிடித்து அனுப்பும். அதை ஒப்பிட, பூமியில் இரும்புக் கோடும் மெக்னீசியக் கோடும் சரியாக எங்கே விழுகின்றன என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்த அளவுகோலைச் செய்வதுதான் எங்கள் வேலை. பங்களாவின் நிலவறையில் ஸ்பெக்ட்ரோகிராப். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தைப் பிரிக்கும் கிரேட்டிங், நடுவில் நீளமான பெட்டி. ஆவணி மாதம் முழுக்க மெக்னீசிய விளக்கு போட்டு அளந்தேன். புரட்டாசியில் இரும்பு விளக்கு.

அறை மாறாமல் இருக்க வேண்டும். காற்று சூடானாலும் குளிர்ந்தாலும் கோடு நகர்ந்துவிடும். அது நகர்கிறதா என்று பார்க்க ரெஃபரன்ஸ் விளக்கு என்று ஒன்று உண்டு. அதற்கு ஆயுள் இத்தனை மணி நேரம்தான் என்று கணக்கு. விலையும் யானை விலை. ஆகவே மாதம் ஒரு தடவைதான் எரிப்போம். மற்ற நாளெல்லாம் வாசல் பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிவிடுவோம். மனிதர் உடம்புச் சூடே ஆகாது என்பதால் நிலவறைக்குள் என்னைத் தவிர யாரும் போவதில்லை. போய் விளக்கைப் பொருத்திவிட்டுக் கதவைச் சாத்தி, மூன்று மணி நேரம் காத்திருந்து, மாடியிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் படமெடுப்போம்.

மேடத்துக்கு இன்னொரு பழக்கம். விடை முன்னாலேயே தெரிந்தால் மனசு அந்தப் பக்கம் சாயும் என்பார். அதனால் கம்ப்யூட்டர் எல்லா விடையோடும் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டிவிடும். அந்த எண்ணைக் கவரில் போட்டு ஒட்டி என் இரும்பு பீரோவில் வைத்திருந்தேன். எல்லாச் சோதனையும் முடித்து, இனி எதையும் திருத்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவரைத் திறப்பது. திறந்த பிறகு எதையாவது மாற்றினால், மாற்றினதை ஊரறியச் சொல்ல வேண்டும்.

திறந்தோம். கழித்தோம். பூஜ்யம் வரவில்லை. லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு எண் மாறியிருந்தது.

3. பூண்டு

இப்போது பூண்டுக்கு வருகிறேன்.

மேல்மலையில் விதைப்பூண்டை அப்படியே வைத்திருக்க முடியாது. கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டு, புகையிலேயே காய விடுவார்கள். அந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் அடித்த காற்று என் தம்பி முத்துராசு வீட்டுக் கூரையைப் பரணோடு கொண்டுபோய்விட்டது. பின்னாலேயே மழை. தம்பி போன் செய்தான்.

"அக்கா, வெதப்பூண்டு பூரா நனைஞ்சு கெடக்குக்கா. இப்பிடியே விட்டா பூசணம் புடிச்சிரும். ஐப்பசிக்கு நட ஒத்தப் பல்லு இருக்காது."

"தெரிஞ்சவுக பரண்ல போடேன்டா."

"எல்லா வீட்டுலயும் அவுகவுக பூண்டு தொங்குதுக்கா. ஒங்க ஆபீஸ்ல ஈரமே இல்லாத ரூம்பு ஒண்ணு இருக்குன்னு சொல்லுவீகல்ல?"

சொல்லியிருந்தேன். பெருமை பேசினால் இப்படித்தான் வந்து முடியும். இந்த மலையிலேயே ஈரம் இல்லாத அறை எங்கள் நிலவறைதான். கிரேட்டிங் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று இருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் அதுவே ஓடும், இறங்கினால் அதுவே நிற்கும்.

பத்து நாள்தானே என்று நினைத்தேன். தம்பி வெள்ளனே முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்தான். நாற்பது கட்டு. நிலவறையின் கடைசி மூலையில், குழாய்க் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஸ்பெக்ட்ரோகிராப்பை ஒன்றும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பத்து நாள் இருபத்திரண்டு நாளானது.

ஒரு தடவை மேடம் மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "என்னக்கா, ஏதோ வாசம் வருது?"

"பூண்டு ரசம் கொண்டாந்தேன் மேடம்."

"எனக்கு ஒரு டம்ளர் வைங்க."

மறுநாள் உண்மையாகவே ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டைரக்டருக்கு வருடம் முழுக்க மூக்கடைப்பு. அவரைப் பற்றிக் கவலை இல்லை.

4. ஒண்ணுமில்ல மேடம்

கவர் திறந்த அன்று, பஞ்சாமிர்த டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் மேடம் எல்லோரையும் உட்கார வைத்தார். முகம் சிவந்திருந்தது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறவரின் மகள். எங்கள் லேபில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்தார். பங்குனியோடு அது முடிகிறது. இந்த ஆராய்ச்சி பேசப்பட்டால் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு எழுதுவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

"பெரிய விஷயத்தச் சொல்லப் போறோம்" என்றார் மேடம். "தப்பு இருந்தா நம்மளே கண்டுபிடிச்சிரணும். லட்சுமிக்கா, மெக்னீசியம் எடுத்த மாசத்துக்கும் இரும்பு எடுத்த மாசத்துக்கும் நெலவறைல ஏதாச்சும் வித்தியாசம் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு அப்போது பூண்டுக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை. மானம் போய்விடும் என்று மட்டும்தான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் மத்தியானச் சோறு இறங்காமல் போனது.

"ஒரு வாரம் டைம்" என்றார் டைரக்டர். "அதுக்குள்ள யாராவது ஓட்டை கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா பேப்பர அனுப்பிடலாம். வள்ளி, கங்கிராட்ஸ்."

5. மெஷினின் மணிக்கணக்கு

என் மேல் தப்பில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அன்று சாயங்காலம் நிலவறைக்கு இறங்கினேன். ஈர மெஷினுக்கு இத்தனை மணி நேரம் ஓடினால் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று விதி. அதனால் அதன் மணி மீட்டரைப் பார்த்து வாரா வாரம் ஒரு சின்ன நோட்டில் குறிப்பேன். அதை எடுத்துப் பார்த்தேன். ஆவணியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். புரட்டாசியில் இராப்பகலாக ஓடியிருக்கிறது. என் கையெழுத்துதான். எழுதும்போது கண் பார்த்திருக்கிறது, புத்தி பார்க்கவில்லை.

மெஷினை ஓட விட்டு அதன் பின்பக்கம் கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று. அது நேராக ஸ்பெக்ட்ரோகிராப் பெட்டியின் மேல் போய் அடித்தது. தெர்மாமீட்டரோ வாசல் பக்கம், நாற்பதடி தள்ளி, சிவனே என்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதத்துக்கான ரெஃபரன்ஸ் விளக்கையும் பூண்டு வருவதற்கு முன்னாலேயே எரித்து முடித்திருந்தோம். இன்னொரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தேன். மெஷின் ஓட ஓட ஒரு டிகிரியும் கொஞ்சமும் ஏறியது. ஈரப்பூண்டு விட்ட தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த மெஷின் மூன்று வாரமும் காற்றைச் சூடாக்கியிருக்கிறது.

காற்று ஒரு டிகிரி சூடானால் கோடு எவ்வளவு நகரும் என்று எனக்கு மனப்பாடம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஆல்ஃபா லட்சத்தில் ஒரு பங்கு மாறினதாக மேடம் கணக்குப் போட்டதும், இரும்புக் கோட்டில் இருந்த அதே அளவு வித்தியாசத்தை வைத்துத்தான். மாடு நகரவில்லை. நான்தான் அளவுகோலைச் சூடாக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "மெசின் மேல பழியப் போட்டுருங்கக்கா. மழைக் காலம், கூட ஓடிருச்சுன்னு சொல்லுங்க. அது வந்து வாயத் தொறந்து பேசவா போகுது?"

சிரித்துவிட்டேன். பிறகு நிஜமாகவே யோசித்தேன். பாதி உண்மைதானே, சொன்னால் என்ன? மேடமும் தப்பைத் திருத்திக்கொள்வார், என் மானமும் தப்பும்.

ஆனால் மழையால்தான் மெஷின் கூட ஓடியது என்று சொன்னால், மழைக்காலத்தில் எடுத்த அளவெல்லாம் சந்தேகத்துக்குள் வரும். கொடைக்கானலில் எந்த வருடம் மழை இல்லை? இருபது வருடமாக நான் எடுத்த ஒவ்வொரு கோடும், அதை நம்பி வேறு லேப்களில் கணக்குப் போட்டவர்களின் வேலையும் சேர்ந்து நாறும். பூண்டு என்று சொன்னால் அந்த இருபத்திரண்டு நாள் மட்டும்தான் கெடும். என் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என் மானத்தைத்தான் விட வேண்டும். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தபோது எனக்குத் தூக்கமும் வந்துவிட்டது.

6. எத்தனை கட்டு?

மறுநாள் காலை மேடத்தின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

"மேடம், நேத்து ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அது பொய். இருந்துச்சு."

"என்னது?"

"பூண்டு."

மேடம் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மெஷின் நோட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எத்தன கட்டு?"

"நாப்பது."

"என்னிக்கி ஏத்துனீங்க, என்னிக்கி எறக்குனீங்க?"

தம்பி பஸ் ஏறின நாட்கள் என்பதால் இரண்டும் ஞாபகம் இருந்தது. எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டுக்குச் சொல்லிட்டேன்க்கா. அப்பா கடைத்தெரு பூராச் சொல்லி, வர்றவுகளுக்கெல்லாம் பஞ்சாமிர்தம் குடுத்துட்டு இருக்காரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் அழவில்லை. எழுந்து டைரக்டர் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"பூண்டா? நெலவறைலயா? மூணு வாரமா?" என்றார் டைரக்டர். "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"சார், ஒங்களுக்கு மூக்கடைப்பு" என்றேன். அந்த நேரத்திலும் உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு மெமோ கிடைத்தது. இன்னும் என் சர்வீஸ் ஃபைலில் இருக்கிறது. நியாயமான மெமோ.

7. சீர்வரிசை

சந்தேகப்பட்டால் மட்டும் போதாது, நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்ட வேண்டும் என்றார் மேடம். நனைந்த சாக்கைத் தொங்கவிடலாமே என்று கேட்டேன்.

"சாக்கு வேணாம். கெடுத்தது பூண்டு. பூண்டுலயே பாப்போம். ஒங்க தம்பிய வெரசா வரச் சொல்லுங்க."

தம்பி விதைப்பூண்டை அதற்குள் நட்டுவிட்டிருந்தான். விற்க வைத்திருந்த பூண்டில் நாற்பது கட்டைத் தண்ணீர் தெளித்து, முன்பு இருந்த எடைக்குக் கொண்டுவந்து, மலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். டைரக்டர் உட்பட நாங்கள் ஆறு பேர் ஆளுக்கொரு கூடையாகத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிலவறைக்கு இறங்கினோம். "சீர் கொண்டு போற மாதிரி இருக்குக்கா, பொண்ணு எங்க?" என்று தம்பி கேட்டான். "உள்ள பொட்டிக்குள்ள இருக்கா, தொட்டுறாத" என்றேன்.

ரெஃபரன்ஸ் விளக்கை இந்தத் தடவை தினமும் எரித்தோம். பூண்டு தொங்கின நாளெல்லாம் இரும்புக் கோடு நகர்ந்து நின்றது, எங்கள் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவே. பூண்டை இறக்கினோம். நான்கு நாளில் கோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கெட்ட செய்திதான், ஆனாலும் அந்தக் கோடு திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் தெரிந்த தப்பு பாதித் தப்பு.

இரும்பை முதலிலிருந்து அளந்தேன். இரண்டு மாதம் பிடித்தது. மேடம் புதிய ரகசிய எண் போட்டுக் கவரை ஒட்டினார். அதை என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"டைரக்டர் சார்கிட்டக் குடுங்க மேடம்."

"அவரு எங்க வச்சோம்னு மறந்துருவாரு. பிடிங்க. வேற யார்ட்டக் குடுக்க?"

அந்தக் கவரை பீரோவில் வைத்து, சாவியை என் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். கவரைத் திறந்த அன்று பஞ்சாமிர்தம் இல்லை, டீ மட்டும்தான். கழித்தோம். பூஜ்யம். எங்களால் அளக்க முடிந்த அளவுக்கு, அந்த எண் மாறவில்லை. பூமி பிறப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு மேகத்தில் இருந்த இரும்பும், எங்கள் நிலவறை விளக்கில் இருந்த இரும்பும் ஒரே சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டிருந்தன.

பேப்பரில் எங்கெங்கே தப்பு வரலாம் என்று ஓர் அட்டவணை போடுவார்கள். அதில் டைரக்டர் 'வேளாண் விளைபொருள்' என்று நாசூக்காக எழுதச் சொன்னார். மேடம் கேட்கவில்லை. 'பூண்டு, நாற்பது கட்டு' என்றே ஆங்கிலத்தில் போட்டார். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் தம்பியின் பெயரும் இருக்கின்றன.

8. கடைசிப் பதிவு

மாறவில்லை என்ற செய்திக்கு யாரும் மாலை போடுவதில்லை. சிபாரிசுக் கடிதம் போனது, பதில் வரவில்லை. பங்குனியில் மேடத்தின் ஒப்பந்தம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெட்டிகளோடு நின்றவரிடம் கேட்டேன்: "எம்மேல கோவமா மேடம்?"

"கோவம் இருக்குக்கா" என்றார். "இல்லன்னு சொன்னா பொய்யாயிரும். ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா, ரெண்டு வருசம் கழிச்சு எந்த ஊர்லயோ எவனோ கண்டுபிடிச்சிருப்பான். அப்ப எங்க அப்பா கடைல எப்பிடி உக்காந்திருப்பாரு? இப்ப, 'எம்மக அளந்து பாத்துட்டா, மாறலயாம்'னு தெம்பா சொல்லிக்கிட்டு இருக்காரு."

இப்போது அவர் வேறு ஊரில் ஒரு லேபை நடத்துகிறார். நல்ல பெயர். வருடா வருடம் தை மாதம் அவருக்கு மலைப்பூண்டு அனுப்புகிறேன், நன்றாகக் காய்ந்ததாக.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. லாகில் எழுத வெட்கப்படுகிற எந்தப் பொருளையும் அளக்கிற அறைக்குள் கொண்டுபோகாதே. கொண்டுபோய்விட்டாயா, வெட்கப்பட்டுக்கொண்டே எழுதிவிடு. அந்தப் பூண்டுக்குப் பிறகு எங்கள் லாக் புத்தகத்தில் நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் சேர்த்தேன்: 'அறையில் வேறு பொருள்'. மறந்து வைத்த ஸ்க்ரூ டிரைவர், செத்த பல்லி, ஒரு தடவை டைரக்டரின் மூக்குச் சொட்டு மருந்து என்று எல்லாம் அதில் ஏறியிருக்கிறது.

ஓய்வு பெற்ற அன்று மாலையும் மேளமும் மாடியில் காத்திருந்தன. நான் நிலவறைக்கு இறங்கி, ஒவ்வொரு மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பூண்டு தொங்கின குழாய்க் கம்பியைக் கையால் தடவியும் பார்த்தேன். பிறகு லாக் புத்தகத்தைத் திறந்து அந்தக் கட்டத்தில், வள்ளி மேடத்திடம் அன்று சொன்ன அதே வார்த்தையை எழுதினேன்.

ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்துவிட்டு, மாலை வாங்கிக்கொள்ள மேலே ஏறிப் போனேன்.